ஒரு பிள்ளை எத்தனை தரம் சொல்லவேண்டும்?

ஏழு தரம். பக்கத்தில் இருந்து எண்ணினேன்.

சில வருஷங்களுக்கு முதல், திருகோணமலை மாவட்டத்தில் நாளுக்கு இரண்டு பஸ் மட்டும் ஓடுகிற ஒரு ஊரிலிருந்து, பாலியல் துன்புறுத்தலுக்குள்ளான ஒரு பிள்ளைக்கும் தாய்க்கும் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். (எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கொமெண்டில் கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.)

அதிபரிடம் ஒரு தரம். பொலிஸில் ஒரு தரம். அங்கே சிங்களத்தில் எழுதின தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே தாய் கையெழுத்து வைத்தா. ஓபிடியில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் தடிமன் காய்ச்சல்காரர் வரிசையில் நிற்க, ஒரு தரம். வார்டில் மிஸியிடம், பிறகு டொக்டரிடம். சட்ட வைத்திய அதிகாரியிடம். கடைசியாக நன்னடத்தை அதிகாரியிடம். ஏழாவது தரம் பிள்ளை அழவில்லை. பாடமாக்கின செய்யுளை ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லி முடித்தது. சொல்லும்போதெல்லாம், இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டின பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டே இருந்தது.

அவர்களில் ஒருத்தரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மிஸி தன் சாப்பாட்டுப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தா. ஆனால் ஆளுக்கொரு படிவம். ஒருவர் நிரப்பினது மற்றவர் கைக்குப் போகாது.

பிள்ளை ஓரிடத்தில் இருக்கட்டும், அதிகாரிகள் நடந்து வரட்டும் என்கிறேன். ஒருவர் கேட்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாமே! சிறுவர் சாட்சியின் முதல் நேர்காணலை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இப்படியான பிள்ளைகளுக்கென்றே ராகம வைத்தியசாலையில் ‘லமா பியச’ இயங்குகிறது. வன்முறைக்குள்ளான பெண்களுக்கு எங்கள் பகுதி ஆஸ்பத்திரிகளில் ‘நட்பு நிலையம்’ வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் தமிழில் கதைக்கிற ஒரு அறை கேட்பது பேராசையா? வாசலில் பெரிய போர்ட் மட்டும் வேண்டாம். அதற்குள் போகிறவரை ஊர் முழுக்க எண்ணும்.

ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. “டொக்டர் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம், சும்மா சொல்லியிருக்கு” என்று அப்போது ஒரு கதை பரவியது. பாலியல் துன்புறுத்தலுக்குள்ளான பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் ஒரு தடயமும் இருக்காது. தடயம் இல்லாததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அதைத் தாய்க்கு விளங்கப்படுத்தவும் அன்றைக்கு ஆள் இருக்கவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘பேசித் தீர்க்க’ எடுத்ததே நாலு நாள். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு ஒரு கோல் எடுக்க எவ்வளவு நேரம் போயிருக்கும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாய் கேட்டா: “இனிக் கூப்பிடமாட்டாங்கதானே டீச்சர்?”

மாட்டாங்க என்றேன்.

எட்டாவது தரம் மேல் நீதிமன்றத்தில். அன்றைக்கு அவனுக்கு மீசை அரும்பியிருந்தது.