ஐந்து ஸ்லைடில் ஒரு கம்பெனியைக் காப்பாற்றுவது

கேஸ் காம்பெடிஷன், அதாவது ஒரு கம்பெனியின் பிரச்சினையைக் கொடுத்து மாணவர்களிடம் தீர்வு கேட்கும் போட்டி என்றாலே இப்போது வயிற்றைக் கலக்குகிறது. எம்பிஏ முதல் வருஷம், காலையில் அக்கவுண்டிங் டெஸ்ட், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று பேர் உட்கார்ந்து கிராமத்தில் ஷாம்பு விற்பனையை எப்படி இரட்டிப்பாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம், பெட்டிக்கடையில் பாக்கெட் சரம் தொங்குவதைத் தாண்டி எங்களில் யாரும் எதையும் பார்த்ததில்லை. (ஒருவனுக்கு ஸ்லைடுக்கு நீல நிறம் அடிப்பது மட்டுமே வேலை. கன்சல்டிங் களை வருமாம்.) சந்தை அளவு கணக்கா? மக்கள்தொகையை எடுத்து, இத்தனை சதவீதம் பேர் வாங்குவார்கள் என்று நாமே ஓர் எண்ணைப் போட்டுப் பெருக்கினால் கோடிகள் கொட்டும், அதற்கு டேம், சேம், சோம் (மொத்தச் சந்தை, அதில் நாம் எட்டக்கூடியது, அதில் நமக்குக் கிடைக்கக்கூடியது) என்று மூன்று வட்டம் வேறு.

சரி, அதுகூடப் பரவாயில்லை. ஐந்து ஸ்லைடுதான் என்றார்கள், எட்டு பாயிண்ட் எழுத்தில் திணித்து அனுப்பினோம். ஏன் தோற்றோம் என்று ஒரு வரி? கிடையாது. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் வந்தது, அதிலும் என் பெயரில் எழுத்துப் பிழை.

எல்லாம் அந்த பிபிஐ ஆசைதான், ஜெயித்தால் ப்ளேஸ்மென்ட் சீசனுக்கு முன்பே ஓர் இன்டர்வியூ. அடுத்த போட்டிக்கு நேற்றே பெயர் கொடுத்துவிட்டேன்.