டாஷ்போர்டு அழகைப் பார்த்து மானிட்டரிங் டூல் எடுக்காதீர்கள்

சர்வரைத் தூரத்திலிருந்து கவனிக்க எந்த இலவச டூல் நல்லது என்று யாராவது கேட்டால், பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு கிராஃபானா (அளவுகளை வரைபடமாகக் காட்டும் டூல்) ஸ்க்ரீன்ஷாட்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் திரை முன்னால் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? நம் ஊர்ச் சின்னக் கம்பெனிகளில் மூன்று நான்கு சர்வர்களை ஒரே ஆள்தான் பார்த்துக்கொள்கிறார், அதுவும் மற்ற வேலைகளுக்கு நடுவில். அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சர்வர் படுத்தால் என் போனுக்கு எப்படித் தகவல் வரும் என்பதுதான்.

இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தால் ஒன்று உடனே புரியும். கவனிக்கிற டூல், கவனிக்கப்படுகிற சர்வருக்கு வெளியே இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் எல்லாவற்றையும் ஒரே விபிஎஸ்ஸில் (பெரிய மெஷினில் வாடகைக்கு எடுக்கும் ஒரு பங்கு) வைத்திருந்தார்கள். டிஸ்க் நிறைந்தது, டேட்டாபேஸ் நின்றது, கூடவே மானிட்டரிங்கும் நின்றது. காலையில் வாடிக்கையாளர் போன் பண்ணித்தான் விஷயமே தெரிந்தது.

அதனால் என் முதல் சிபாரிசு அப்டைம் குமா. 2021-இல் வந்த டூல். வேறொரு ஹோஸ்டிங் கம்பெனியில் இருக்கிற சின்ன மெஷினில் டாக்கர் (மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரே பொட்டலமாக, அதாவது கன்டெய்னராக, ஓட்டும் டூல்) வழியாகச் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். இணையதளம், பிங் (மெஷின் பதில் சொல்கிறதா என்ற சோதனை), போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட நுழைவாயில்), எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்தின் https பூட்டுக்கு வேண்டியது) எல்லாவற்றையும் பார்த்து டெலிகிராமுக்கோ மெயிலுக்கோ தகவல் அனுப்பும். இந்தச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடம் வாங்கியது காலாவதியாகப் போகிறது என்று முன்பு அவர்களே மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். இனி நாமேதான் கவனிக்க வேண்டும். இதில் பலர் தொடாத வசதி ஒன்றும் உண்டு: புஷ் மானிட்டர். பேக்கப் ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்ததும் ஒரு யுஆர்எல்லைத் தட்டும்படி வைத்துவிடுங்கள். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அலெர்ட் வரும். பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோவதைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சரி, சர்வர் படுத்தது தெரிந்துவிட்டது. ஏன் படுத்தது? அதற்கு நெட்டேட்டா. நிறுவிய உடனே, நொடிக்கு ஒரு முறை அளந்த கணக்கைக் காட்ட ஆரம்பித்துவிடும். லோடு ஆவரேஜை (ஓடவும் காத்திருக்கவும் செய்யும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் ப்ராசஸ்களும் அந்த எண்ணில் சேரும். லோடு எட்டு என்றால் சிபியு திணறுகிறது என்று அர்த்தமில்லை. ஐஓவெயிட் (சிபியு டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) பாருங்கள். விபிஎஸ் என்றால் ஸ்டீல் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால், நமக்கு வர வேண்டிய சிபியு நேரம் அதே மெஷினில் இருக்கும் மற்றவர்களுக்குப் போகிறது. டிஸ்க்கில் இடம் இருந்தும் ஃபைல் உருவாக்க முடியவில்லையா? ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய குறிப்பு இடம்) தீர்ந்திருக்கலாம்.

ப்ரோமிதியஸ் என்ற மானிட்டரிங் டூல் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தள நிறுவனத்தில் பிறந்தது, கன்டெய்னர்கள் வந்து வந்து போகும் பெரிய அமைப்புகளுக்கு அருமையானது. இந்த வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் டிஸ்க் நிறையும் என்று முன்கூட்டியே சொல்லவைக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஆனால் அலெர்ட்டுக்கு அலெர்ட்மேனேஜர், படத்துக்கு கிராஃபானா, ஒவ்வொரு சர்வரிலும் அளவுகளை எடுத்துத் தரும் நோடு எக்ஸ்போர்ட்டர் என்று பராமரிக்க வேண்டியவை கூடிவிடும். மூன்று சர்வருக்கு இவ்வளவு வேண்டாம்.

கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை மாதிரி விண்டோஸ் சர்வர், ஸ்விட்ச், யுபிஎஸ் எல்லாம் கலந்து கிடக்கும் இடத்துக்கு ஜாபிக்ஸ். லாட்வியாவில் உருவாகி 2001 முதல் இருக்கிறது. அலெர்ட், கிராஃப், எஸ்என்எம்பி (ஸ்விட்ச், யுபிஎஸ் போன்றவற்றின் நிலையைக் கேட்டறியும் முறை) எல்லாம் ஒரே இடத்தில். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாள் பிடிக்கும். கிளை அலுவலக மெஷின்களில் ஆக்டிவ் ஏஜென்ட் என்ற சின்ன மென்பொருளை வைத்தால் அதுவே வெளியே வந்து ஜாபிக்ஸ் சர்வரிடம் பேசும், அங்கே போர்ட் திறக்கத் தேவையில்லை. நாகியோஸ் என்ற பழைய மானிட்டரிங் டூல் ஏற்கெனவே ஓடினால் ஓடட்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

எதை எடுத்தாலும் நெட்டேட்டாவின் 19999, நோடு எக்ஸ்போர்ட்டரின் 9100 போர்ட்களை இணையத்தில் திறந்து போடாதீர்கள். இரண்டும் இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. கெர்னல் பதிப்பிலிருந்து டிஸ்க் பெயர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஃபயர்வாலில் அடையுங்கள், அல்லது வயர்கார்டு (ஒரு விபிஎன்) வழியாக மட்டும் விடுங்கள்.

அப்புறம், சிபியு 80 சதவீதம் தாண்டினால் அலெர்ட் என்று வைக்காதீர்கள். பேக்கப் ஓடும்போது 95 போகட்டுமே, அதனால் என்ன? ஒரு மனிதர் எழுந்து உடனே ஏதாவது செய்தாக வேண்டிய விஷயத்துக்கு மட்டும் போன் அடிக்கட்டும், அதுவும் சில நிமிடங்கள் நீடித்தால் மட்டும். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் அந்த டெலிகிராம் குரூப்பை மியூட் பண்ணிவிடுவார்கள். எல்லாம் அமைத்து முடித்ததும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு என்ஜின்எக்ஸை (இணையதளத்தைத் தரும் வெப் சர்வர் மென்பொருள்) நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் போனுக்குத் தகவல் வரவில்லை என்றால் நெட்டேட்டா, ஜாபிக்ஸ் பக்கம் போவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.