'குதித்தார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள்

இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டராக, அதாவது வழி கணக்கிடுபவராகப் பறந்து உயிர் பிழைத்த அந்த முதியவரைப் பற்றி நேற்று நண்பர் ஒருவர் உதிர்த்த வரியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: "ஓட்டியது பைலட், இவர் வரைபடம் பார்த்தார், தீப்பிடித்ததும் குதித்தார்." பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

வரைபடம் பார்த்தாராம்! லங்காஸ்டரில் நேவிகேட்டர், விளக்கு வெளிச்சம் கசியாதபடி திரைச்சீலைக்குள் பென்சிலோடு உட்கார்ந்து, காற்று விமானத்தை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கும் இடத்தைக் காட்டும் 'ஜீ' என்ற ரேடியோ கருவியின் அலைகளை ஜெர்மானியர் குழப்பியபின் பெரும்பாலும் அந்தப் பென்சில்தான் கதி. 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரை நோக்கிப் போனபோது, முன்னறிவித்த காற்று ஒன்று, வீசிய காற்று வேறொன்று. பலர் வழி தவறி ஷ்வைன்ஃபர்ட் என்ற வேறு ஊரில் குண்டு போட்டார்கள், 95 விமானங்கள் திரும்பவேயில்லை.

காற்றின் தள்ளலைக் கண்டுபிடிக்க அம்புக்குறிகளால் வரையும் அந்தக் காற்று முக்கோணத்தை நானும் ஒருமுறை வீட்டு மேசையில் சாவகாசமாகப் போட்டுப் பார்த்தேன். அம்புக்குறியைத் தலைகீழாக வரைந்துவிட்டதால், 60 மைல் வேகக் காற்றில் ஒரே மணி நேரத்தில் 120 மைல் தவறிப்போயிருந்தேன். இத்தனைக்கும் என்னை யாரும் சுடவில்லை.

அடுத்தது 'குதித்தார்'. தனியே வைத்திருக்கும் பாராசூட் பொதியைத் தேடி எடுத்து, மார்புக் கொக்கியில் மாட்டி, இருட்டில் மூக்குப் பகுதிக்கு இறங்கி, 22 அங்குல அகலத் திறப்பின் வழியாக வெளியேற வேண்டும். வீழ்த்தப்பட்ட லங்காஸ்டர்களில் இருந்தவர்களில் 100-க்குச் சுமார் 15 பேரே பிழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு அல்ல, சாகன் போன்ற ஊர்களின் கைதி முகாம்களுக்கு. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இதையும் சேர்த்துக்கொண்டு 'குதித்தார்' என்று சொல்லிப் பாருங்கள்.

"ஹாம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் இந்தக் குண்டுகளால் கீழே எரிந்தவர்களை மறந்துவிட்டீரா?" என்பீர்கள். மறக்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நேற்று அந்த வரிக்குச் சிரித்தவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் எழுதியதும் திடீரென்று மனிதநேயம் பிறக்கிறது. இலக்கைத் தேர்ந்தெடுத்தது தலைமையகம். விமானத்தில் இருந்தவர்களில் பலருக்கு 25 வயதுகூட ஆகியிருக்கவில்லை.

"பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம்" என்பீர்கள். ஆம், அதிர்ஷ்டம்தான். அதற்காக அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை விபத்தில், வண்டி ஓட்டிய நண்பன் இறந்தான், பின்னால் இருந்த நான் பிழைத்தேன். துக்க வீட்டு வாசலில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு ஒன்றும் ஆகவில்லையா?" என்றார். அக்கறையில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. என் சட்டைப் பொத்தானைத் திருகியபடியே நின்றேன், பதில் சொல்லவில்லை.

நேற்றும் அப்படியே நின்றிருக்கலாம்தான்.