'மிகவும் திருப்தி' என்று டிக் போட்டவருக்குத் தன் மாத்திரை பற்றி என்ன தெரியும்?

மருந்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறவரிடம் ஒரு படிவத்தை நீட்டி, மருந்தாளுநரின் ஆலோசனை திருப்தியாக இருந்ததா என்று கேட்கும் வழக்கம் நிறைய மருத்துவமனைகளில் இருக்கிறது. பெரும்பாலானோர் 'மிகவும் திருப்தி' கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில் அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, ஆலோசனை நன்றாக நடக்கிறது என்று நிர்வாகம் நிம்மதி அடையும்.

மருந்தாளுநராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. அந்தத் திருப்தி பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்த நோயாளிக்குத் தன் மருந்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கிறது என்று எதுவும் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு. ஒன்றை அளந்துவிட்டு மற்றதையும் அளந்ததாகக் கணக்கு எழுதுகிறோம்.

ஒருவருக்குத் திருப்தி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதிகம் காத்திருக்க வைக்கவில்லை. எழுதிய மருந்து எல்லாம் கிடைத்தது. கவுன்டரில் இருந்தவர் முகம் கொடுத்துப் பேசினார். உடம்பு முடியாமல் வந்தவருக்கு இதுவே பெரிய ஆறுதல். அடுத்த மாதமும் இதே கவுன்டருக்குத்தான் வர வேண்டும் என்பதால் குறை சொல்லவும் தயக்கம் இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தனக்குச் சொல்லாமல் விடப்பட்டது என்ன என்று அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி அவர் எப்படிக் குறை எழுதுவார்?

தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். லெவோதைராக்ஸின் என்ற அந்த மருந்தை வெறும் வயிற்றில் தண்ணீர் குடித்துப் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ இருந்தால் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஏனென்றால் அவை தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. இது தெரியாத ஒருவர் மறக்காமல் இருப்பதற்காக எல்லா மாத்திரையையும் காலையில் ஒன்றாகப் போட்டு முடித்துவிடுவார். ஒரு வேளைகூடத் தவறவிடாத, பொறுப்பான மனிதர். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைவாக இருந்தால் ஏறும் டிஎஸ்ஹெச் என்ற அளவு இறங்கியிருக்காது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவார். பிறகு என்றைக்கோ கால்சியத்தை நிறுத்தினால், கூட்டிய அளவு முழுதாக உடம்பில் ஏறி நெஞ்சு படபடக்கும். இவ்வளவு நடந்தும் அவர் எங்கள் சேவையில் திருப்தியாகவே இருப்பார். படிவத்தில் எங்கும் இது தெரியவராது.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இன்னும் பயங்கரம். அதற்காகக் கொடுக்கும்போது வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து அது. வழக்கமான மாத்திரை மாதிரி நினைத்துத் தினமும் போட்டதால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. இந்த மருந்தைக் கையில் கொடுக்கும்போது எந்தக் கிழமை என்று நோயாளி வாயால் சொல்லிக் கேட்காமல் அனுப்பக் கூடாது. எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி.

அமெரிக்காவில் 2006ல் வெளியான ஓர் ஆய்வை என்னால் மறக்க முடிவதில்லை. 395 நோயாளிகளிடம் மருந்து லேபிள்களைக் காட்டிக் கேட்டார்கள். அதில் ஒன்று, 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை'. எழுத்தறிவு குறைவாக இருந்தவர்களில் ஏறத்தாழ 71 சதவீதம் பேர் அந்த வரியைச் சரியாகவே சொன்னார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுவீர்கள், எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சரியாகக் காட்டியவர்கள் 35 சதவீதம்தான். வரியைச் சொல்லத் தெரிவதற்கும் வீட்டில் போய்ச் செய்யத் தெரிவதற்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி. கவுன்டரில் நாம் கேட்கும் "புரிஞ்சுதாம்மா?" என்ற கேள்வி இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. அதற்கு யாரும் 'இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பின்னால் வரிசை நிற்கிறது, கேட்பவர் அவசரத்தில் இருக்கிறார், புரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது இது: "நான் தெளிவா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, ஒரு தடவை சொல்லுங்க ஐயா." சோதிக்கப்படுவது என்னுடைய விளக்கம். அதனால் அவருக்குக் கூச்சம் இருக்காது. இன்ஹேலர் என்றால் சொல்வதும் போதாது, என் முன்னால் இழுத்துக் காட்ட வேண்டும். குலுக்காமல் அழுத்துபவர்கள், அழுத்தி முடித்த பிறகு இழுப்பவர்கள், இழுத்ததும் மூச்சைப் பிடிக்காமல் விட்டுவிடுபவர்கள் என்று எல்லோரையும் பார்க்கிறேன். இவர்கள் எல்லோரும் "நல்லா சொல்லிக் கொடுத்தாங்க" என்பவர்கள்தான். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை வரலாம் என்பதையும் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு சுகாதாரத் துறையில் மருந்தாளுநர்கள் மூன்று கேள்விகளில் தொடங்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். இந்த மருந்து எதற்கு என்று மருத்துவர் சொன்னார்? எப்படிப் போடச் சொன்னார்? போட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்றார்? இதில் எனக்குப் பிடித்தது, நோயாளி முதலில் பேசுகிறார் என்பது. அவருக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், விடுபட்டதை மட்டும் நிரப்பினால் போதும். நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

நேரம் இல்லை என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஒரே ஆள் மருந்தும் எடுத்து, கணக்கும் எழுதி, விளக்கமும் சொல்லும் இடங்களில் ஆலோசனை நொடிக்கணக்கில்தான் நடக்கும். இடமும் ஒரு பிரச்சினை. கண்ணாடியில் ஓர் ஓட்டை, அதன் வழியாகக் கத்திப் பேச வேண்டும், பின்னால் இருப்பவர் காதில் எல்லாம் விழும். மன அழுத்தத்துக்கு மருந்து வாங்குபவர் அந்த இடத்தில் என்ன சந்தேகம் கேட்பார்? பாலுறவில் பாதிப்பு வருமா என்று எந்த ஆண் கேட்பார்? சட்டம் போட்டாலும் இது தானாக மாறிவிடாது. அமெரிக்காவில் 1990ல் வந்த சட்டத்தின் கீழ், அரசு காப்பீட்டில் வரும் நோயாளிகளுக்கு மருந்தாளுநர் ஆலோசனை தர முன்வர வேண்டும் என்று விதி வந்தது. பல கவுன்டர்களில் அது "ஏதாவது கேள்வி இருக்கா?" என்ற ஒரு வாக்கியமாகவும் ஒரு கையெழுத்தாகவும் சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நல்ல ஆலோசனை சில சமயம் திருப்தியைக் குறைக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் தொடக்கத்தில் வயிற்றைக் கலக்கும், பிபிக்கான ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்றெல்லாம் சொன்னால் முகம் வாடத்தான் செய்யும். பயந்து மருந்தையே விட்டுவிடுவார்கள், எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் சக ஊழியர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதிர்பார்க்காத நேரத்தில் ஆரஞ்சு நிறத்தைப் பார்ப்பவரின் பயம்தான் பெரிது. காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்த அந்தப் பயம் ஒன்றே போதும்.

இதனால் திருப்தி தேவையே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதையாக நடத்தப்பட்டவர்தான் திரும்பி வருவார். "ரெண்டு வாரமா பிபி மாத்திரை போடலைங்க" என்று உண்மையைச் சொல்வார். நீண்ட நாள் நோய்களுக்கு வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ல் எழுதியது. மருந்தைப் பற்றித் தெரிந்தும் போடாதவர்கள் அதில் நிறைய இருப்பார்கள். அவர்களை நம் பக்கம் கொண்டுவர நம்பிக்கை வேண்டும்.

ஆனால் எது முதலில் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. இதே நிறுவனம் 1993ல் மருந்துப் பயன்பாட்டை அளக்க வெளியிட்ட கையேட்டில், சரியான அளவு நோயாளிக்குத் தெரியுமா என்பதை முதன்மைக் குறியீடுகளில் வைத்தது. நோயாளியின் திருப்தியைத் துணைக் குறியீடுகளில் வைத்தது. இத்தனை வருஷம் கழித்து நாம் துணையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். திருப்திப் படிவம் இருக்கட்டும். மருந்து வாங்கியவர்களில் சிலரை ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு, எதற்கான மாத்திரை, எப்போது எத்தனை, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வீர்கள், என்ன தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு வருவீர்கள் என்று கேளுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் கேட்டால் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள், அதனால்தான் ஒரு வாரம். பேசுவதற்கென்று திரை போட்ட ஒரு மூலையையும் ஒதுக்குங்கள். இதையெல்லாம் செய்யும்போது வரிசை மெதுவாக நகரும், திருப்தி மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம். அதற்காக மருந்தாளுநரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காதீர்கள்.