புடையன் கடிக்குப் புது மருந்து வரும், அதற்கு முன் மோட்டார் சைக்கிள் வரட்டும்

பாம்புக்கடிக்குப் புது மருந்து கண்டுபிடித்தாயிற்று என்ற செய்தி 2025 முழுக்க வெவ்வேறு தலைப்பில் சுற்றிக்கொண்டே இருந்தது. இலங்கையின் வடக்கில், வயலும் வளவுமாக வன்னியில் வாழ்கிறவர்கள் அதை வாசித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட முடியாது. நானும் ஒவ்வொன்றையும் தேடி வாசித்தேன். வாசித்த பிறகு சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கமம் செய்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. 2025 ஜனவரியில், வேதியியலுக்கான 2024 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் பேக்கரின் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஒரு கட்டுரை வந்தது. நாகபாம்பின் நஞ்சில் நரம்பைத் தாக்கும் ஒரு வகைப் புரதம் இருக்கிறது. அதைப் பற்றிப்பிடித்து முடக்கும் புதிய சிறு புரதங்களைக் கணினியிலேயே வடிவமைத்து, எலிகளைச் சாவிலிருந்து காப்பாற்றிக் காட்டினார்கள். மே மாதம் இன்னொன்று. அமெரிக்காவில் டிம் ஃப்ரீட் என்பவர் ஏறக்குறைய 18 ஆண்டுகளாகத் தன் உடம்பில் தானே பாம்பு நஞ்சை ஏற்றிக்கொண்டு வந்தவர். அவருடைய இரத்தத்தில் இருந்து எடுத்த எதிர்ப்புப் புரதங்கள் இரண்டோடு வரெஸ்பிளாடிப் என்ற மருந்தையும் சேர்த்து 19 இனப் பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகச் சோதித்தார்கள். 13 இனங்களின் நஞ்சிலிருந்து எலிகள் முழுமையாகத் தப்பின, மீதிக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. ஒக்ரோபரில் டென்மார்க் ஆய்வாளர்கள் லாமா, அல்பாக்கா விலங்குகளில் இருந்து எடுத்த மிகச்சிறிய எதிர்ப்புப் புரதங்கள் எட்டைக் கலந்து, ஆபிரிக்காவின் 18 பாம்பினங்களில் 17க்கு மறுமருந்து செய்து காட்டினார்கள். ஒரே ஆண்டுக்குள் இவ்வளவும். இதில் உழைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த மூன்று ஆய்வும் நாகம், கட்டுவிரியன், மாம்பா ஆகியவை சேர்ந்த ஒரே குடும்பத்துப் பாம்புகளைப் பற்றியவை. நம் வயல் வரம்பில் சுருண்டு கிடக்கிற கண்ணாடிப் புடையன் அந்தக் குடும்பம் இல்லை. அது விரியன் குடும்பம். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகத்தின் குடும்பம்தான். இலங்கையில் பாம்பு கடித்துச் சாகிறவர்களில் பெரும்பாலானவர்களைக் கொல்வது இரண்டு பாம்புகள்: கண்ணாடிப் புடையனும் கட்டுவிரியனும். கட்டுவிரியனுக்கு இந்த ஆய்வுகளில் நம்பிக்கை தெரிகிறது. புடையனின் நஞ்சு வேறு வேலை செய்கிறது. இரத்தம் உறைவதற்கு உடம்பு வைத்திருக்கிற பொருட்களையெல்லாம் சில மணி நேரத்துக்குள் எரித்துத் தீர்த்துவிடும். அப்புறம் பல்முரசில் இரத்தம், சிறுநீரில் இரத்தம். சிறுநீரகம் செயலிழந்து போகும். இலங்கைப் புடையனுக்கு இன்னொரு குணமும் உண்டு. இமை தொங்குகிற அளவுக்கு நரம்பையும் பாதிக்கும். இத்தனை வகை நச்சுப் புரதங்களையும் ஒன்றாக முறிக்கிற புது மருந்து எலியைத் தாண்டி மனிதருக்கு வர இன்னும் பல ஆண்டுகள் எடுக்கும்.

அதுவரைக்கும் நமக்கு இருப்பது பழைய மருந்துதான். 1890களில் அல்பேர் கல்மெத் என்ற பிரெஞ்சு மருத்துவர் தொடங்கிவைத்த அதே முறை. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சை ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுப்பது. நம் வைத்தியசாலைகளில் போடுகிற குப்பிகள் இந்தியாவில் இருந்து வருகின்றன. அதற்கான நஞ்சில் பெரும்பங்கைத் தருவது தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். வன்னியில் பாம்புக்கடியில் தப்பிய ஒவ்வொருவரும் அவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அதேவேளை அது இந்தியப் பாம்பின் நஞ்சு. இடத்துக்கு இடம் ஒரே இனப் பாம்பின் நஞ்சே மாறும். இலங்கைப் பாம்புகளின் நஞ்சை வைத்தே பேராதனை ஆய்வாளர்களும் கொஸ்தாரிக்கா நிறுவனம் ஒன்றும் சேர்ந்து ஒரு மருந்தை உருவாக்கி, அதன் ஆய்வுக்கூட முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். அது வைத்தியசாலை விடுதிவரை வந்து சேர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழைய மருந்தில் இன்னொரு சிக்கல். குதிரைப் புரதம் என்பதால் உடம்பு அதை எதிர்க்கும். 2011இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில் பாம்புக்கடி மருந்து ஏற்றிய 1,007 பேரில் 752 பேருக்கு ஏதோ ஒரு ஒவ்வாமை வந்தது. நான்கில் மூன்று பேர்! பலருக்கு அது கடுமையானது: இரத்த அழுத்தம் சரிவது, மூச்சு இறுகுவது. இதே ஆய்வுதான் தீர்வையும் சொன்னது. மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 விழுக்காடு குறைந்தது. பலகாலமாகப் போட்டுவந்த மற்ற இரண்டு ஊசிகளால் பயன் தெரியவில்லை. விலை மலிந்த, எந்தச் சிறிய வைத்தியசாலையிலும் இருக்கிற மருந்து அட்ரினலின். நம் நாட்டு நோயாளர்களிடமே, நம் நாட்டு வைத்தியர்களே கண்டறிந்தது. இந்த ஆய்வைப் பற்றி முகநூலில் ஒருவரும் பகிர்ந்து நான் பார்க்கவில்லை.

அதை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வாமை வந்தால் சமாளிக்க முடியாதே என்ற பயத்தில்தான் சின்ன வைத்தியசாலைகள் மருந்தைத் தொடங்காமல் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அனுப்புகிற வைத்தியரை நான் குறைசொல்ல மாட்டேன். இரவில் ஒரு வைத்தியர், ஒரு தாதி, அவசர சிகிச்சைப் பிரிவும் இல்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் யோசிப்பார்கள். ஆனால் அம்புலன்சில் போகிற ஒவ்வொரு நிமிடமும் நஞ்சு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

என் சித்தப்பாவுக்கு நடந்ததும் இதுதான். பொழுதுபட்ட நேரம், வாய்க்கால் மடையைத் திறந்துவிட்டு வரம்பால் வந்தவரைப் புடையன் கடித்தது. முதலில் விஷத்துக்கு மந்திரித்துப் பார்வை பார்க்கிறவர் வீடு. அங்கே தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்து, கயிறு ஒன்றும் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். பிறகு ஓட்டோ தேடி ஒரு சிறிய வைத்தியசாலை, அங்கிருந்து பெரிய வைத்தியசாலை. மருந்து உடம்பில் ஏறத் தொடங்கியபோது நடுச்சாமம். உயிர் தப்பினார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி வாரக்கணக்கில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கும் இருட்டினால் வயல் பக்கம் போக மாட்டார். போகச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் இல்லை. 2011இல் இலங்கையில் பாம்புக்கடியில் தப்பிய 88 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று, ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த அதிர்ச்சியில் இருந்து மனதளவில் மீளவில்லை என்று கண்டது. 2009 போரைக் கடந்து வந்த ஒரு மண்ணில் அதன் மேல் இதுவும் ஏறுகிறது என்பதை மனநல வைத்தியர்கள் கவனத்தில் எடுக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு இப்படி? 2012, 2013 காலத்தில் நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்டோரைப் பாம்பு கடிக்கிறது. 30,000 பேருக்கு நஞ்சு ஏறுகிறது. ஏறக்குறைய 460 பேர் இறக்கிறார்கள். வைத்தியசாலைப் பதிவேடுகளை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு முழுதாக வராது, வீட்டிலேயே பார்வை பார்த்து முடித்துக்கொள்கிறவர்கள் அதில் இல்லையே. உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மை வரிசையில் சேர்த்தது. 2030க்குள் இறப்பையும் ஊனத்தையும் பாதியாக்க வேண்டும் என்பது இலக்கு.

இங்கேதான் நான் மேலே சொன்ன வரெஸ்பிளாடிப் மருந்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் புடையன் நஞ்சின் ஒரு முக்கியமான பகுதியையும் முடக்கக்கூடியது அது. குளிசையாக விழுங்கலாம், கடிபட்ட இடத்திலேயே கொடுக்கலாம் என்பதால் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நோயாளர்களிடம் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடிபட்டு ஐந்து மணி நேரத்துக்குள் மருந்து எடுத்தவர்களிடம் மட்டும் பயன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. கட்டுவிரியனிலும் இதே கதை. இலங்கைக் கட்டுவிரியன் கடியை ஆராய்ந்தபோது, விஷமுறிவு மருந்து இரத்தத்தில் இருந்த நஞ்சைச் சுத்தமாக நீக்கியது, ஆனாலும் ஏற்கெனவே பழுதான நரம்பு நுனிகள் அதனால் திரும்பவில்லை. அவை தாமாக வளரும்வரை செயற்கைச் சுவாசம்தான் ஆளைக் காக்கும். எந்த மருந்தை எடுத்தாலும், பழையதோ புதியதோ, நேரம் போனபின் அதன் கை கட்டப்பட்டுவிடுகிறது.

ஆகவே, நேரத்தைச் சுருக்கிக் காட்டிய ஒரு ஆய்வுதான் என் மனதில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. நேபாளத்தின் தென்கிழக்கில் டமாக் என்ற இடம். அதுவும் வயல்வெளி, அங்கேயும் தூரத்துக் கிராமங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற தொண்டர்களை ஊருக்கு ஊர் தெரிவுசெய்து வைத்தார்கள். யாருக்காவது பாம்பு கடித்தால் அழைப்புப் போகும். கடிபட்டவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேரே சிகிச்சை நிலையம். கூடவே ஊர் ஊராக விழிப்புணர்வு. கடிபட்டவர்களில் இறப்பு 10.5 விழுக்காட்டில் இருந்து 0.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2013இல் வெளியான முடிவு. எந்தப் புது மூலக்கூறும் இல்லாமல், அதே இந்தியக் குப்பி மருந்தை வைத்துக்கொண்டே இதைச் செய்தார்கள்.

வன்னியில் மோட்டார் சைக்கிள் இல்லாத ஒழுங்கை இருக்கிறதா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது, அது பெரிய வரம். ஏ9 நெடுஞ்சாலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது போதும். முத்தையன்கட்டின் உட்புறத்திலோ, நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரத்திலோ, துணுக்காய்ப் பக்கம் மாரி காலத்தில் தண்ணீர் பாய்கிற கிறவல் றோட்டிலோ இருக்கிறவரிடம் அம்புலன்ஸ் வந்து சேர எடுக்கும் நேரத்தில் பாதி வழியை மோட்டார் சைக்கிள் தாண்டிவிடும். பாதிவழியில் அம்புலன்சைச் சந்திக்கலாம். ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் நாலைந்து இளைஞர்களின் தொலைபேசி இலக்கம், ஆளை எப்படி இருத்திக் கொண்டுபோவது என்ற பயிற்சி, எந்த வைத்தியசாலையில் இரவிலும் மருந்து தொடங்குவார்கள் என்ற தகவல், எரிபொருளுக்கு ஒரு சிறு நிதி. இவ்வளவுதான் வேண்டும்.

இதோடு வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. நேபாளத்து ஆய்வு ஒன்றில் நுளம்பு வலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி தெளிவாகக் குறைந்திருந்தது. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலியே தெரியாது, கடிவாய்கூடத் தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் இருப்பது என்றால் வாயுக்கோளாறு என்று விடாமல் உடனே கொண்டுபோக வேண்டும். யானைக் காவலுக்குக் கொட்டிலில் படுக்கிறவர்கள் பரணில் படுங்கள், வலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். சேற்றில் சப்பாத்துப் போட்டு வேலை செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அரிவுவெட்டுக் காலத்தில் வயல் காய்ந்திருக்கும், எலியைத் தேடிப் புடையனும் வரும். அப்போது சப்பாத்துப் போடலாம். இருட்டில் டோர்ச் இல்லாமல் வரம்பில் கால் வைக்க வேண்டாம்.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள். டைக்ளோபெனக், அஸ்பிரின் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். பாம்பை அடித்துத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். தூரத்தில் இருந்து படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். குழந்தைக்கும் பெரியவருக்குக் கொடுக்கிற அதே அளவு மருந்துதான் ஏற்றுவார்கள், பாம்பு குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. அதைக் கண்டு பதறவேண்டாம். பார்வை பார்க்கிற ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்ச்சனம் உங்களை நம்பி முதலில் உங்களிடம்தான் வருகிறது. நீங்கள் வாசலிலேயே நின்று, "முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ, வந்த பிறகு நான் பார்க்கிறேன்" என்று சொன்னால், எந்தச் சுவரொட்டியையும் விட அது அதிகம் வேலை செய்யும்.

ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் பாம்புக்கடி நோயாளர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து அருமையான ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். வவுனியாவில் இருந்து அனுராதபுரம் பக்கத்தில்தான். அதே புடையன், அதே வயல். ஆனால் வன்னியில் கடிபட்டவர் எத்தனை மணிக்குக் கடிபட்டார், யாரிடம் போனார், எங்கே காத்திருந்தார், எதற்குப் பயந்தார் என்பதைத் தமிழில் உட்கார்ந்து கேட்டுப் பதிந்தால் அல்லவா நம் தேவை வெளியே தெரியும்? யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தக் கிராமத்தில் இருந்து எந்த வைத்தியசாலைக்கு மாரியில் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு வரைபடம் போடுவது ஒரு மாணவர் குழுவின் இறுதியாண்டு ஆய்வாக இருக்கலாம். நாளைக்குப் புடையனுக்கான புது மருந்தை மனிதரில் சோதிக்கும் காலம் வரும்போது, எங்களிடம் இந்தத் தரவு இருக்கிறது, எங்கள் மக்களையும் சேருங்கள் என்று கேட்கவும் முடியும்.

அடுத்த காலபோகத்துக்கு முன் மாவட்டச் செயலகங்களில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். எந்தத் திகதியில் விதைப்பு, எந்தத் திகதியில் குளத்துத் தண்ணீர் திறப்பு, மாடுகளை எப்போது அகற்றுவது, உரம் எப்போது என்று எல்லாம் பேசுவார்கள். கமக்காரர் அமைப்புத் தலைவர்கள், செயலாளர்கள் இதை வாசித்தால், அந்த நிகழ்ச்சிநிரலில் பாம்புக்கடியையும் ஒரு விடயமாகச் சேர்க்கும்படி இப்போதே கடிதம் கொடுங்கள். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரையோ அவர் அனுப்பும் வைத்தியரையோ அழைத்து, எந்தெந்த வைத்தியசாலையில் இரவில் மருந்து இருக்கிறது, தொடங்குவார்களா என்று சபையில் கேளுங்கள். உங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளோடு வரத் தயாராக இருக்கிற இளைஞர்களின் பெயரையும் அதே கூட்டத்தில் கொடுத்துவிடுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.