பொண்ணுக்குப் பின்னாடி நிக்கறவளுக்கு என்ன வேலை?

இப்பல்லாம் ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்னு எந்தப் பக்கம் கல்யாணத்துக்குப் போனாலும் பொண்ணோட பிரண்ட்ஸ் அஞ்சாறு பேரு ஒரே கலர் சேலையில வரிசையா நிக்கறாங்க, அதுல ஒருத்திக்கு மட்டும் கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கும், யாருன்னு கேட்டா அவதான் மெய்ட் ஆஃப் ஹானராமா, அதாவது பொண்ணுக்கு முதல் தோழி. பெருசுக பாத்துட்டு "இதென்ன வெள்ளைக்காரங்கூட்டுக் கல்யாணமா"ன்னு மொகத்தச் சுளிக்கறாங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லீங்க, நல்லதா இருந்தா எங்கிருந்து வந்தா என்ன. என் கோவம் வேற. அவங்ககிட்ட இருந்து சேலைய எடுத்துக்கிட்டோம், போட்டோவ எடுத்துக்கிட்டோம், ஸ்டேஜுக்கு ஆடிக்கிட்டு வர்றதக்கூட எடுத்துக்கிட்டோம், அந்தத் தோழி செய்யற வேலைய மட்டும் அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டோம்.

2011 ஏப்ரல் 29ல இங்கிலாந்து இளவரசர் வில்லியம் கல்யாணத்த டிவியில பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொண்ணு கேட்டோட தங்கச்சி பிப்பாதான் மெய்ட் ஆஃப் ஹானர். அவங்க போட்டிருந்த வெள்ளை கவுன் பத்தி உலகமே பேசுச்சு, ஆனா அன்னைக்கு அவங்க கையில இருந்தது அக்காவோட கவுனுக்குப் பின்னாடி நீளமா இழுபட்டுக்கிட்டு வந்த துணி. அது எங்கயும் மாட்டாம, யாரும் மிதிக்காம சர்ச்சுக்குள்ள கொண்டுபோய்ச் சேக்கோணும், கூட வந்த சின்னப் புள்ளைகளையும் பாத்துக்கோணும். அவங்க ஊர்ல மோதிரம் மாத்தறப்ப பொண்ணு கையில இருக்கற பூங்கொத்த வாங்கி வெச்சுக்கறது, மேக்கப் கலைஞ்சா சரி பண்றது, பொண்ணு பதட்டப்பட்டா கூட நிக்கறது, விருந்துல எந்திரிச்சு நாலு வார்த்தை பேசறது, எல்லாம் இவங்க பொறுப்புதான். இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணத்துக்கு ரெண்டு சாட்சி வேணும், பல இடத்துல அதுல ஒருத்தியா கையெழுத்துப் போடறதும் இவதான். கல்யாணம் ஆனவளா இருந்தா மேட்ரன் ஆஃப் ஹானர்னு பேரு மாறும், வேலை மாறாது.

இப்ப நம்ம பக்கம் வாங்க. நம்ம கல்யாணத்துல யாருக்குத்தான் வேலை இல்ல சொல்லுங்க? சீர்னு நாம சொல்ற சடங்குகள நடத்த அருமைக்காரர் இருக்காங்க, மங்கல வாழ்த்துப் பாட ஆள் இருக்காங்க, தாய்மாமனுக்குன்னு தனிச் சீர் இருக்குது. இணைச்சீர்னு ஒண்ணு பண்றோம், மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோ பட்டும் நகையுமா வந்து நிப்பாங்க, கூடப்பொறந்தவ இல்லீன்னா பெரியப்பன் சித்தப்பன் புள்ளையக் கூட்டியாந்தாவது நிறுத்தாம உட மாட்டாங்க. அண்ணந்தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டாலும் பொறந்தவளோட ஒறவு அந்து போகாதுன்னு ஊரறியச் சொல்ற சீர் அது, எனக்கு ரொம்பப் புடிச்ச சீரும் அதுதான். ஆனா பாருங்க, அதுவும் மாப்பிள்ளைப் பக்கம். இத்தனை சீர்லயும் பொண்ணுக்குன்னு, அவ ஒடம்புக்கும் மனசுக்கும்னு, யாரு இருக்காங்க?

அம்மாக்காரி ஒறம்பரையக் கவனிக்கறதுலயே ஓடிக்கிட்டிருப்பா. அத்தை சீர்த்தட்டு எண்ணிக்கிட்டிருப்பாங்க. அக்கா இருந்தா அவ இடுப்புல ஒரு கொழந்தை அழுதுக்கிட்டிருக்கும். பொண்ணு காலங்காத்தால மூணு மணிக்கே எந்திரிச்சு மேக்கப்புக்கு உக்காந்து, முகூர்த்தம் முடிஞ்சு, போட்டோ முடிஞ்சு, வெயில் ஏறுனதுக்கப்புறம்தான் ஒருவாய் திங்கறா. வந்த சனமெல்லாம் சந்தவையும் தேங்காப்பாலும் தின்னு ஏப்பம் உட்டாச்சு, யாருக்காகப் பந்தி போட்டாங்களோ அவ பட்டினி.

போன ஆவணியில கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல ஒரு ரிசப்ஷன். மொய்க்கவர் வெச்சுக்கிட்டு நிக்கற கூட்டம் மண்டபத்து வாசல் வரைக்கும் இருக்குது. பொண்ணுக்குப் பின்னாடி ஒரு புள்ள, சாதாரண காட்டன் சேலை, முந்தானையில வரிசையா சேப்டி பின் குத்தி வெச்சிருந்தா. ஒவ்வொரு குடும்பமும் போட்டோ எடுத்துட்டு எறங்கற சந்துல இவ உள்ள பூந்து ஸ்ட்ராவ பொண்ணு வாயில வெப்பா, லிப்ஸ்டிக் கலையாம ரெண்டு உறிஞ்சு மோர், மறுபடி பின்னாடி போயிருவா. செத்த நேரங்கழிச்சு போட்டோகிராபர்கிட்ட என்னமோ சொல்லி லைன நிறுத்தி, பொண்ணக் கூட்டிக்கிட்டு ரூமுக்குப் போனா. அந்த ஒட்டியாணத்தையும் பட்டுச்சேலை கொசுவத்தையும் வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு தனியா பாத்ரூம் போக முடியாதுங்க, அது கட்டுனவளுக்குத்தான் தெரியும். அதனாலயே சாயங்காலத்துல இருந்து பச்சத்தண்ணி குடிக்காம நிக்கற பொண்ணுகள எத்தனை பாத்திருக்கறேன்.

மக்யா நாள் முகூர்த்தத்துல அந்தப் புள்ளையக் காணோம். விசாரிச்சா, அவ வீட்டுக்காரரு தவறிட்டாராம், அதனால சீர் நடக்கறப்ப மணவறைக்குக் கிட்ட வேண்டாம்னு பெரியவங்க யாரோ நைசா சொல்லி அக்கட்டால அனுப்பிட்டாங்க. ராத்திரி முச்சூடும் பொண்ணத் தாங்குனவ, விடிஞ்சதும் ஆகாதவ ஆயிட்டா. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு மெய்ட் ஆஃப் ஹானர்ங்கற பதவி வேணும்னு தோணுது. அருமைக்காரருக்கும் சீர் செய்யறவங்களுக்கும் ஆயிரம் தகுதி பாருங்க, தோழிக்கு மட்டும் தாலி இருக்குதா, புள்ள இருக்குதா, என்ன ஆளுகன்னு யாரும் பாக்கக்கூடாது. பொண்ணு கையக் காட்டுனா முடிஞ்சுது.

சட்டம் இதுல நம்மளவிட எவ்வளவோ தேவலை. 1954 ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல மூணு சாட்சி கேக்குது, சொந்தக்காரங்களாத்தான் இருக்கோணும்னு இல்ல. நம்ம சட்டசபையில 1967ல அண்ணா கொண்டாந்த சுயமரியாதைக் கல்யாணத் திருத்தத்துல ஒறவுக்காரங்களோ, நண்பர்களோ, வேற ஆளுகளோ முன்னாடி நடந்தாப் போதும்னே எழுதியிருக்குது. ஊட்டுக்குத் தெரியாம ரிஜிஸ்டர் ஆபீஸ் போற பொண்ணுக்கு யாரு கையெழுத்துப் போடறா? பிரண்டுதான், அதுக்கப்புறம் ரெண்டு ஊட்டு வசவையும் வாங்கறதும் அவதான்.

அப்பறம் இந்த ஒரே கலர் சேலை. வேணும்னா பண்ணுங்க, காசு யாரு குடுக்கறதுன்னு முதல்லயே பேசிருங்க. திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போற புள்ள, சேலைக்கு ஒரு செலவு, பிளவுஸ் ஆரி வொர்க்குக்கு ஒண்ணு, மேக்கப்புக்கு ஒண்ணு, இது பத்தாதுன்னு குன்னூர்ல ரிசார்ட் போட்டு பார்ட்டி, அதுக்கு ரெண்டு நாள் லீவு போட்டா சம்பளமும் கட் ஆகும். கூப்புட்டா முடியாதுன்னு சொல்ல முடியாது, சொன்னா பிரண்ட்ஷிப்பே போயிரும். இத்தனையும் செலவு பண்ணிட்டு வந்து நிக்கறவ தன் சேலை மடிப்பப் பாப்பாளா, பொண்ணப் பாப்பாளா?

எங்க சித்தப்பா புள்ளைக்கு வர்ற தையில கல்யாணம். நேத்து போன் போட்டு "அக்கா, நீதான் என் மெய்ட் ஆஃப் ஹானர், சேலை கலர் அனுப்பறேன்"னா. சரி கண்ணு, கலரு பொறகு பாத்துக்கலாம், மண்டபத்துல பொண்ணு ரூமுக்கு உள்ளயே பாத்ரூம் இருக்குதா, கதவு தாழ்ப்பா போடுதா, சாவி யாருகிட்ட இருக்கும், அதைக் கேட்டுச் சொல்லுன்னேன். சித்தப்பாகிட்ட கேட்டிருக்கறா. ஏசி இருக்குது, ஐநூறு பேரு உக்காந்து திங்கற டைனிங் ஹால் இருக்குது, பார்க்கிங் இருக்குதுன்னாராம். பொண்ணு ரூம அவங்க இன்னும் தொறந்தே பாக்கலையாம்.