2,000 கோடி டாலர் மிச்சமானதா?

"எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றி அமெரிக்க அரசு ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் மிச்சப்படுத்தியது" என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. (கிளவுட் என்றால், சொந்தக் கணினிகளுக்குப் பதில் இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினி வசதி.) தவறு. எண் மட்டும் நிஜம், அதன் பொருள் வேறு.

2011 பிப்ரவரியில் விவேக் குந்த்ரா வெளியிட்ட கூட்டாட்சி கிளவுட் உத்தியில் இந்த எண் வருகிறது. புது தில்லியில் பிறந்த இவர்தான் ஒபாமா அரசின் முதல் தலைமைத் தகவல் அதிகாரி. அரசின் தகவல் தொழில்நுட்பச் செலவு சுமார் 8,000 கோடி டாலர், அதில் 2,000 கோடி அளவுக்கான வேலைகளைக் கிளவுடுக்கு மாற்ற வாய்ப்புண்டு என்றுதான் அது மதிப்பிட்டது. மாற்றக்கூடிய செலவு வேறு, மிச்சம் வேறு. வாடகை வீடு மாறினால் பழைய வாடகை முழுவதும் கையில் நிற்குமா என்ன?

சரி, "எல்லாவற்றையும்" மாற்றினார்களா? அதுவும் இல்லை. 2010 டிசம்பரில் அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்பச் சீர்திருத்தத் திட்டம் ஒவ்வொரு துறையிடமும் கேட்டது மூன்றே சேவைகள்: ஒன்றை 12 மாதத்தில், மற்ற இரண்டை 18 மாதத்தில். அப்புறம் 2019-இல் 'கிளவுட் ஸ்மார்ட்' என்ற புதிய கொள்கை வந்தபோது, 'முதலில் கிளவுட்' என்ற பழைய முழக்கமே கைவிடப்பட்டது.